முதுகுக்குப் பின்னால் ஒரு கோட்டை

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு செஞ்சிக் கோட்டையை டி.வி.யில் காட்டப்போகிறார்கள் என்று எங்கள் ஊர் தொண்டூர் முழுக்கச் சொல்லிவைத்தவன் நான்தான். பால்காரரிடம் சொன்னேன். டீக்கடையில் இரண்டு முறை சொன்னேன். முதல் முறை பாய்லர் சத்தத்தில் சிலருக்குக் கேட்டிருக்காது. நான் சொன்ன தோரணையைப் பார்த்தால், கோட்டையின் பத்திரம் என் பெயரில் இருப்பதாகவும், டி.வி.க்காரர்களுக்கு அதை அரை மணி நேரம் இரவல் கொடுத்திருப்பதாகவும் யாருக்கும் தோன்றியிருக்கும். நில அளவைத் துறையில் முப்பத்திரண்டு வருஷம் செயின் பிடித்து ஓய்வு பெற்றவன் நான். யார் நிலமானாலும் நாலு மூலைக்கும் நடந்து வந்துவிட்டால் அதில் கொஞ்சம் நமக்கும் உண்டு என்று ஓர் எண்ணம் வந்துவிடுகிறது. தொழில் கொடுத்த வியாதி.

பத்து மணிக்கு ஹாலில் ஏழு பேர். மனைவி முறத்தில் மல்லாட்டையைக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். உரிப்பது ஒரு கண், டி.வி. ஒரு கண். ரிமோட்டை நான் தொடையில் இரண்டு தட்டுத் தட்டினேன். எங்கள் வீட்டு ரிமோட் தட்டினால்தான் திறக்கும்.

இசை எழுந்தது. புல்லாங்குழல். ஒரு கழுகு பறந்தது. அப்புறம் ஒரு ஷூ தெரிந்தது. பெரிய ஷூ, புதியது. அது படி ஏறியது. இன்னொரு கோணத்தில் ஏறியது. மெதுவாக ஏறியது. பிறகு ஷூவுக்குச் சொந்தக்காரர் வந்தார். நல்ல பையன், ஒழுங்காக வெட்டிய தாடி, கறுப்புக் கண்ணாடி. ராஜகிரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஏறக்குறைய 800 அடி உயரமுள்ள மலை அவர் தோளுக்குப் பின்னால் ஒரு காது மாதிரி எட்டிப் பார்த்தது. இரண்டு கைகளையும் பலாப்பழம் வாங்குகிறவர் போல விரித்து, “நான் இப்போ எங்க நிக்கிறேன்னு கெஸ் பண்ணுங்க பார்ப்போம்!” என்றார்.

“மலைக்கு முன்னாடி” என்றேன் நான். “தள்ளி நில்லு தம்பி, மலை தெரியல.”

இப்படித்தான் அன்றைய தகராறு ஆரம்பித்தது.

சர்வேயராக இருந்தவனுக்கு எதையும் அளக்காமல் கோபப்படத் தெரியாது. பழைய அளவைக் குறிப்பேட்டை எடுத்துவந்து கணக்கு எழுத ஆரம்பித்தேன். முப்பது நிமிஷ நிகழ்ச்சியில் விளம்பரம் எட்டு. அவர் முகம் ஒன்பது. ஷூ மூன்று. ‘இன்னும் சற்று நேரத்தில்’ என்று ஏற்கெனவே காட்டியதையே மறுபடி காட்டியது நான்கு. வானத்தில் பறக்கும் டிரோன் நான்கு. மீதி இரண்டு நிமிஷம் கோட்டை. அந்த இரண்டிலும் ஒன்றைக் குரங்கு எடுத்துக்கொண்டது. குரங்கைக் குறை சொல்ல மாட்டேன். காட்டிய நேரத்தில் அது உருப்படியாக மதில் மேல் ஓடி, மதில் எவ்வளவு அகலம் என்பதையாவது காட்டியது.

பத்தாவது நிமிஷத்தில் தம்பி கண்ணாடியைக் கழற்றி, குரலைத் தாழ்த்தி, “இந்தப் பிரமாண்டமான கோட்டையைக் கட்டியவர்… ராஜா தேசிங்கு!” என்றார். நான் எழுந்துவிட்டேன். மடியிலிருந்த மல்லாட்டைத் தோல் எல்லாம் தரையில்.

“தேசிங்கு கட்டினானா? கோனார் வம்சத்து அரசர்கள் 1200 வாக்கில் ஆரம்பிச்சது. பெரிய பெரிய கட்டடமெல்லாம் நாயக்கர் காலத்துல எழுந்தது. அப்புறம் பீஜப்பூர்காரன். 1677-ல சிவாஜி. 1698-ல மொகலாயன். தேசிங்கோட அப்பா சொரூப் சிங்கே அதுக்கும் பின்னாடிதான் வந்தாரு. 1714 அக்டோபர்ல ஆர்க்காடு நவாப் சாதத்துல்லா கானோட சண்டை போட்டுச் செத்தப்போ தேசிங்குக்கு இருபத்திரண்டு வயசு. ஒரு வருஷம்கூட ஆளல! குடியிருந்தவன் எல்லாம் கட்டினவன் ஆயிடுவானா? நான்கூடத்தான் இந்த வீட்டுல இருபத்தெட்டு வருஷமா இருக்கேன். நானா கட்டினேன்? கட்டினது உங்க அப்பா!”

மனைவி மல்லாட்டையை உரித்த விரலை நிறுத்தினாள். “இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் உங்க வாயால வந்திருக்கு” என்றாள். பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்து, “அண்ணே, நீங்க சாட்சி” என்றாள்.

செஞ்சி வரலாற்றில் தேசிங்கு தோற்ற பிறகு நடந்த அடுத்த பெரிய வீழ்ச்சி எங்கள் ஹாலில் நடந்தது.

தேசிங்கு மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அந்த வயதில் சின்னப் படையோடு நவாபுக்கு எதிராகப் போனவனை ஊர் மறக்குமா? கதைப்பாட்டில் அவனுடைய சிநேகிதன் மோவுத்துக்காரன் கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து சண்டைக்கு வருவான். அந்த இடம் வரும்போது எங்கள் பாட்டி முந்தானையை எடுப்பாள். 1960-இல் எம்.ஜி.ஆர். அந்த வேஷம் கட்டிய பிறகு தேசிங்குக்கு எம்.ஜி.ஆர். முகமே நிலைத்துவிட்டது. பாட்டு பாட்டாக இருக்கட்டும். ஆனால் கையில் மைக்கும், பின்னால் நிஜக் கோட்டையும் இருக்கிற ஆள் ஒரு முறை திரும்பிப் பார்க்கலாம் அல்லவா?

திரும்பிப் பார்த்திருந்தால் கேள்வி தானாக வந்திருக்கும். செஞ்சியில் ஒரு மலை இல்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று. ஒவ்வொன்றும் தனிக் கோட்டை. மூன்றையும் மதிலால் இணைத்து நடுவில் ஒரு முக்கோணத்தைக் கட்டியிருக்கிறார்கள். மதிலின் மொத்த நீளம் சுமார் 13 கிலோமீட்டர். உள்ளே நெற்களஞ்சியம், ஆனைக்குளம், சக்கரக்குளம், கல்யாண மகால். மகாலின் மேல்தளங்களுக்கும் குழாயில் தண்ணீர் போனது. ராஜகிரி உச்சிக்குப் போகும் வழியில் பாறை பிளந்து ஒரு பெரிய பள்ளம். அதன் மேல் போட்ட பலகைப் பாலத்தை எடுத்துவிட்டால் மேலே இருக்கிறவனை யாரும் தொட முடியாது. இப்படி ஒரு இடத்தைப் புலப்படமாக வரையச் சொன்னால் எனக்கு ஒரு மாசம் வேண்டும். வரைந்து முடித்ததும் மதிலை இந்த வழியில் கொண்டுபோன ஆளைக் கையெடுத்துக் கும்பிடுவேன். பாறை எங்கெல்லாம் தானே மதிலாக நிற்கிறதோ அங்கெல்லாம் கல்லை மிச்சம் பிடித்திருக்கிறான்.

இந்தக் கோட்டைக்குள் ராஜாராம் இருந்தார், சிவாஜியின் இளைய மகன். ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690-இல் வந்து முற்றுகையிட்டார். பிடிக்க எத்தனை காலம் ஆயிற்று? எட்டு வருஷம். மூன்று மலையையும் சுற்றி வளைக்க ஆள் போதவில்லை. வெளியிலிருந்து மராட்டியத் தளபதிகள் சந்தாஜியும் தனாஜியும் வந்து முற்றுகைக்காரரையே முற்றுகையிட்டார்கள். நடுவில் ஒரு தடவை கான் வந்தவாசிக்குப் பின்வாங்கவேண்டி வந்தது. கடைசியில் 1698-இல் கோட்டை விழுந்தபோது ராஜாராம் உள்ளே இல்லை, தப்பிப் போயிருந்தார்.

அதே கோட்டையை 1750 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரன் புஸ்ஸி ஒரே ராத்திரியில் பிடித்தான்.

எட்டு வருஷம் எங்கே, ஒரு ராத்திரி எங்கே! அதே மதில், அதே மலை. சின்னப் பிள்ளைகூட ‘அது எப்படி?’ என்று கேட்கும். உள்ளே இருந்தது ஏற்கெனவே அடிபட்டு ஓடிவந்து ஒண்டிய படை. வெளியிலிருந்து வாசற்கதவில் வெடி வைத்தார்கள். இருட்டில் ஏணி வைத்து ஏறினார்கள். மதில் தானாகச் சண்டை போடாது, ஆள்தான் போடவேண்டும். இந்த ஒரு கேள்வியை வைத்து ஒரு மணி நேரம் எங்களைக் கட்டிப்போட்டிருக்கலாம். தம்பி அதைக் கேட்கவில்லை. கிணற்றுக்குப் போய்விட்டார்.

எந்தக் கோட்டைக்குப் போனாலும் இவர்களுக்கு ஒரு கிணறும் ஒரு சுரங்கமும் வேண்டும். செஞ்சியில் கைதிகளைத் தள்ளியதாகச் சொல்லும் கிணறு ஒன்று உண்டு. அதன் அருகே வந்ததும் படம் கறுப்பு வெள்ளை ஆகிவிட்டது. இடி இடித்தது. காமிரா ஆடியது. தம்பி மூச்சு வாங்கினார். பிறகு சுரங்கம்: “இங்கிருந்து ஒரு ரகசியச் சுரங்கப்பாதை திருவண்ணாமலை வரைக்கும் போவதாக…” என்று இழுத்தார். நானும் வேலையில் இருந்த காலத்தில் மூன்று மாவட்டங்களில் கேட்டுவிட்டேன். எந்த ஊர்க் கோயிலானாலும் அங்கிருந்து அடுத்த ஊர்க் கோட்டைக்குச் சுரங்கம் உண்டு. எல்லாச் சுரங்கத்தையும் சேர்த்துவைத்தால் தமிழ்நாட்டில் பஸ்ஸே தேவைப்படாது. தீபாவளிக்கு முந்தின நாள் பஸ் நிலையத்தில் நிற்கும் ஜனங்களிடம் யாராவது இந்தச் சுரங்கத்தின் வாசலைக் காட்டினால் புண்ணியமாகப் போகும்.

நான் இதையெல்லாம் மனசுக்குள் நினைத்தேன் என்று எண்ணவேண்டாம். சத்தமாகச் சொன்னேன். டி.வி.யைப் பார்த்துச் சொன்னேன். மனைவி பொறுத்துப் பார்த்துவிட்டு, “ஏங்க, அந்தப் பையனுக்கு நீங்க பேசறது கேட்காது. எங்களுக்குத்தான் கேட்குது. அவன் பேசறது எங்களுக்குக் கேட்கல” என்றாள். அப்புறம், “பாவம், வெயில்ல நிக்கிறான். மோரு குடிச்சானோ என்னவோ” என்றாள். நிகழ்ச்சி முடியும்போது ஹாலில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.

இன்னொரு சேனலில் இன்னொரு நாள் திருநாதர்குன்று வந்தது. செஞ்சிக்குப் பக்கத்திலேயே, சிறுகடம்பூரில். ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர்கள், வரிசைக்குப் பன்னிரண்டு பேராக இரண்டு வரிசை. ஊரார் பஸ்ஸுக்குக் காத்திருப்பது போல இல்லை. காத்திருப்பதையே விட்டுவிட்டவர்கள் போல உட்கார்ந்திருப்பார்கள். அங்கே ஒரு பழைய கல்வெட்டு, சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டதைச் சொல்கிறது. ‘ஐ’ என்ற எழுத்து மிகப் பழையதாகக் கல்லில் கிடைக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. அந்த ‘ஐ’க்கு முன்னால் பட்டுப்புடவை கட்டி நின்ற பெண், கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, “வாவ்!” என்றார்.

குறைந்தபட்சம் “ஐ!” என்றாவது சொல்லியிருக்கலாம்.

எல்லோரும் இப்படியா என்றால், இல்லை. 1988-இல் தொடங்கி, தூர்தர்ஷனில் ஷியாம் பெனகல் எடுத்த ‘பாரத் ஏக் கோஜ்’ 53 பகுதிகளாக வந்தது. என் மாமனார் மொட்டை மாடியில் ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டே “இப்போ?” என்று கத்துவார். நான் கீழேயிருந்து “இன்னும் கொஞ்சம் சென்னைப் பக்கம்!” என்று கத்துவேன். இந்தி ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் பார்த்தோம். பிறகு ‘சுரபி’ வந்தது. நடத்தியவர்கள் சித்தார்த் காக், ரேணுகா சஹானே. கேள்விக்குப் பதில் எழுதி நாடு முழுக்க லட்சக்கணக்கில் அஞ்சலட்டை போட்டார்கள். நானும் ஒன்று போட்டேன். விடையோடு நிறுத்தாமல் தொண்டூரின் பெருமையையும் சேர்த்து, இடம் போதாமல் முகவரிப் பக்கத்திலும் கொஞ்சம் எழுதினேன். தமிழில். அது எந்த ஊருக்குப் போயிற்றோ. ஆனால் அந்த இரண்டு பேரும் சோபாவில் உட்கார்ந்து ஒரு நிமிஷம் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். அப்புறம் கைவினைக்காரர் பேசுவார், பாட்டுக்காரர் பாடுவார்.

பெங்களூரில் இருக்கும் மாப்பிள்ளை ஒரு தடவை தன் லேப்டாப்பில் பி.பி.சி.யின் பழைய தொடர் ஒன்றைக் காட்டினார். 1969-இல் வந்தது, கென்னத் கிளார்க் என்பவர் நடத்தியது. கோட்டும் டையும் கட்டிய பெரியவர், பல்லும் அவ்வளவு அழகில்லை. ஆற்றங்கரையில் நின்று பேசிக்கொண்டிருந்தவர், நடுவில் திரும்பி பாரிஸ் மாதா கோயிலை ஒரு பார்வை பார்த்தார். நாங்களும் பார்த்தோம். சில இடங்களில் ரொம்ப நேரம் பேச்சே இல்லை. இசையும் கல்லும்தான். “மாமா, சவுண்டு போயிடுச்சோ?” என்று மாப்பிள்ளை கேட்டார். “போகல, விடுங்க” என்றேன்.

இவ்வளவு குறை சொல்கிறவன் தானே சொன்னால் எப்படிச் சொல்வான் என்று யாருக்கும் ஒரு சந்தேகம் வரும். என் குடும்பத்துக்கு அந்தச் சந்தேகம் வராது, அனுபவித்தவர்கள். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி உயரமாக நிற்கும் கல்தூண்கள் செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர் கொண்டுபோனவை. இதை நான் பெரியவளுக்கும் சின்னவனுக்கும் அவர்கள் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் அதே இடத்தில் நின்று சொன்னேன். சொல்லி முடித்தபோது இருவர் கையிலும் ஐஸ்கிரீம் இல்லை, குச்சிதான் இருந்தது. ஐஸ்கிரீம் மணலில் கிடந்தது. திருநாதர்குன்றுக்கு மைத்துனர் குடும்பத்தை அழைத்துப்போய் சந்திரநந்தி ஆசிரியரின் 57 நாளை விளக்கிக்கொண்டிருந்தபோது மணி ஒன்றரை. மைத்துனர் மகன் மரியாதையாகத்தான் கேட்டான்: “மாமா, அவர் 57 நாள் இருந்தார், சரி. நம்ம சாப்பாடு எங்க?”

இந்தப் பின்னணியில்தான் 2025 ஜூலை வந்தது. 11-ஆம் தேதி பாரிஸில் கூடிய யுனெஸ்கோ, மராட்டியர்களின் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில். பன்னிரண்டாவது நம்முடையது. இந்தச் செய்தியையும் டீக்கடையில் இரண்டு முறை சொன்னேன். அடுத்த வாரத்திலிருந்து செஞ்சிக்கு வேன் வேனாகக் காமிரா வந்தது. வந்தவர்கள் எல்லாம் ராஜகிரிக்கு முதுகைக் காட்டிவிட்டுப் போனார்கள். ஒருவர்கூட தொண்டூர்ப் பக்கம் திரும்பவில்லை.

விடுமுறைக்கு வந்திருந்த பேரனிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவனுக்கு வயது பதினொன்று. “தாத்தா, அவங்க வரலைன்னா என்ன? நீங்க பேசுங்க, நான் போன்ல எடுக்கறேன்” என்றான்.

இதற்குத்தான் நான் இத்தனை வருஷமாகக் காத்திருந்தேன் என்பது அவன் சொன்ன பிறகே எனக்குத் தெரிந்தது.

எங்கள் ஊரில் பஞ்சனாம்படி என்று ஒரு குன்று. குகைத்தளம், அதில் சமண முனிவர்களுக்காக வெட்டிய கல்படுக்கைகள். சின்ன வயதில் ஆடு மேய்க்கப் போனவர்கள் எல்லோரும் அதில் படுத்தவர்கள்தான், நானும் படுத்திருக்கிறேன். வெயில் நாளில் முதுகு குளிர்ந்து போகும். வழவழவென்று இருக்கும், கையை வைத்தால் தேய்த்த அம்மி ஞாபகம் வரும். அங்கே பாறையில் தமிழி என்ற பழைய எழுத்தில் பொறிப்பு ஒன்று இருக்கிறது. கி.பி. 3-ஆம் நூற்றாண்டு என்கிறார்கள் கல்வெட்டு அறிந்தவர்கள். இளங்காயிபன் என்பவர் சொல்ல, மோசி என்பவர் செய்தது, அகலூர்க்காரர்களின் அறம். அவ்வளவுதான் செய்தி. அகலூர் இன்றைக்கும் பக்கத்து ஊர். சமணரான நயினார் வீட்டுக்காரர்கள் இன்றும் இந்த வட்டாரத்தில் இருக்கிறார்கள். யார் சொன்னது, யார் செய்தது, யார் செலவு என்று மூன்றும் வந்துவிட்டது. நான் எழுதிய எந்த அளவை அறிக்கையும் இவ்வளவு சுருக்கமாக இருந்ததில்லை. மேலதிகாரி பலமுறை சொல்லியிருக்கிறார்.

முந்தின ராத்திரியே நோட்டில் எழுதிவைத்தேன். ஒன்பது பக்கம் வந்தது. காலையில் கஞ்சி போட்ட வேட்டி, மாப்பிள்ளை பொங்கலுக்கு எடுத்துக்கொடுத்த சந்தன நிறச் சட்டை. இட்லி, தட்டைப் பயறு சாம்பார், காபி எல்லாம் முடிந்து குன்றுக்குப் போய்ச் சேரும்போது பதினொன்றே கால். மனைவியும் வந்தாள். “கூட்டத்துல யாராவது ஒருத்தராவது வேணுமே” என்றாள்.

அங்கே ஆடு ஓட்டிக்கொண்டு வந்திருந்த பெரியம்மா நிழலில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்து, “இன்னா சர்வேயரே, குன்ன அளக்க வந்தீங்களா?” என்றார்.

“இல்ல பெரியம்மா, எழுத்தைப் படம் எடுக்கறோம்.”

“இந்த உச்சி வேளையிலயா? எழுத்து கண்ணுக்குத் தெரியாதே. பொழுது சாயட்டும், தானா எழுந்து வரும்.”

ஆழமில்லாமல் வெட்டிய எழுத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால்தான் நிழல் பிடித்துக் கண்ணுக்கு வரும். தெரியாதவனா நான்? எத்தனை எல்லைக் கல்லில் அம்புக்குறியைக் காலை வெயிலில் தேடியிருக்கிறேன். ஆனால் பேரனுக்கு நாலு மணிக்குக் கிரிக்கெட். எனக்கும் கஞ்சி கலைந்துவிடும் என்ற கவலை. “பரவாயில்ல பெரியம்மா, நான் வாயால விளக்கிடுவேன்” என்றேன்.

“தாத்தா, ரெடி… பேசுங்க!”

நான் பேசினேன். எப்படிப் பேசினேன் என்பது அப்போது எனக்குத் தெரியாது. நன்றாகப் பேசியதாகத்தான் நினைத்தேன். நாலைந்து நிமிஷம் போனதும் கொஞ்சம் நடந்தால் உயிரோட்டமாக இருக்கும் என்று தோன்றியது. முன்னால் நடந்தால் பேரன் மேல் மோதுவேன். அதனால் பின்னால் நடந்தேன். மூன்றாவது அடியில் இலந்தை முள். செருப்பைத் தாண்டிக் குதிகாலில் ஏறியது. “பிடிங்க, பிடிங்க” என்று மனைவி ஓடிவந்தாள். என்னை ஓரமாக உட்காரவைத்து முள்ளை எடுத்தார்கள். பிறகு மறுபடி பேசினேன். ஒன்பது பக்கத்தில் ஆறு பக்கம் முடிந்தபோது போனில் சார்ஜ் போய்விட்டது.

அன்று ராத்திரி ஹாலில் மறுபடி ஏழு பேர். பால்காரரையும் நான்தான் அழைத்திருந்தேன். பேரன் போனை டி.வி.யோடு இணைத்தான். தொண்டூர் வரலாற்றில் முதல் முறையாக நான் நாற்பத்து மூன்று அங்குலத் திரையில் தெரிந்தேன்.

முதலில் தெரிந்தது என் செருப்பு. “ஸ்டைலா இருக்கும்னு எடுத்தேன் தாத்தா” என்றான் பேரன். அடுத்து நான். இரண்டு கையையும் விரித்து நின்றேன், பலாப்பழம் என்னுடையதும் சின்னதில்லை. “நான் இப்போது எங்கே நிற்கிறேன் என்றால்…” என்று ஆரம்பித்தேன். பின்னால் பாறை. பாறையில் எழுத்து இருக்கும் இடத்தில், அங்குலம் தவறாமல், என் தலை. நான் இடது பக்கம் சாய்ந்தால் தலையும் இடது பக்கம் போய் அடுத்த எழுத்தை மறைத்தது. “வந்து” என்ற சொல்லை எத்தனை முறை சொன்னேன் என்று யாரோ எண்ணிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். மனைவி. மடியில் என் பழைய அளவைக் குறிப்பேடு, கையில் பென்சில்.

“முகம் நாலு நிமிஷம். செருப்பு ஒண்ணு. ‘வந்து’ முப்பத்தேழு” என்றாள். “கல்லு இன்னும் வரல.”

டி.வி.யில் நான் பின்னால் நடந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. “அம்மா!” என்று ஒரு சத்தம். படத்தை விட்டு மறைந்தேன். பேரன் பயந்துபோய் ஓடிவந்திருக்கிறான். வரும் அவசரத்தில் போனை அணைக்காமல் ஒரு கல்லின் மேல் சாய்த்து வைத்திருக்கிறான். அது தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

இப்போது படத்தில் யாருமில்லை. பாறை மட்டும். ஹாலில் பேச்சு நின்றது. காற்று அடித்தது. தூரத்தில் ஒரு ஆடு கத்தியது. பெரியம்மா உள்ளே வந்தார். காமிரா இருப்பது அவருக்குத் தெரியாது. முந்தானையால் பாறையை மெல்லத் துடைத்தார். பக்கத்தில் இருந்த இலைக் கொத்தை எடுத்து வெயில் விழும் பக்கம் மறைத்துப் பிடித்தார். உச்சி வெயில் மறைந்து ஓரத்து வெளிச்சம் மட்டும் விழுந்ததும் பாறையில் கோடு கோடாக எழுத்து எழுந்து வந்தது. பெரியம்மா ஒரு விரலை வைத்து, எழுத்தின் வழியாகவே, ஒன்றன் பின் ஒன்றாக நகர்த்திக்கொண்டு போனார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு வளைவைக்கூடத் தவறவிடவில்லை. விரல் போகும் இடமெல்லாம் எங்கள் ஏழு பேர் கண்ணும் போயிற்று.

“அதுவா மோசி எழுதினது?” என்று பால்காரர் மெல்லக் கேட்டார்.

யாரும் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இது குறிப்பேட்டில் ஏறியதா என்று தெரியாது. மனைவியின் பென்சில் அசையவில்லை. விரல் கடைசி எழுத்துக்குப் போய் நின்றது. பெரியம்மா இலைக் கொத்தைக் கீழே வைத்தார்.

டி.வி.க்குள்ளிருந்து, படத்துக்கு வெளியே எங்கேயோ, என் குரல் கேட்டது: “பெரியம்மா, கொஞ்சம் அந்தாண்ட தள்ளுங்க. நான் ஆரம்பிக்கப் போறேன்.”

“டேய்” என்றாள் மனைவி பேரனிடம், “இதோட நிறுத்து. மறுபடி அந்த அம்மா வர்ற இடத்துலேருந்து போடு.”